மீதிப் புயல்

நாவற்புலத்தில் பாதிப் புயல்தான் அடித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன, அவர்கள் ஊர்ப் புயல் வந்தோமா அடித்தோமா போனோமா என்று வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. இங்கே வந்தது அப்படிப்பட்ட புயல் இல்லை. வேதாரண்யம் பக்கம் உப்பளம் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில், வடக்கே ஒரு வாய்க்காலும் தெற்கே ஒரு பனைவரிசையுமாகக் கிடக்கிற சின்ன ஊர் அது. ஐப்பசிக் கடைசியில் ஒரு விடியற்காலை வடக்கேயிருந்து வந்த காற்று, தென்னைகளை வேரோடு பிடுங்கிப் போட்டு, ஓடுகளை வாரி இறைத்து, ஊரிலுள்ள அத்தனை வீட்டின் வடக்குச் சுவரையும் தள்ளி, மாரியம்மன் கோயில் மணியைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டு, பிறகு, சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ கூப்பிட்டு எழுந்து போனவன் மாதிரி, சட்டென்று நின்றுவிட்டது.

நின்றால் என்ன அர்த்தம் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். புயலின் கண் தலைக்கு மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். கண் கடக்கிறவரை ஓர் இலை அசையாது, வானம் வெளுத்துக் கிடக்கும், பறவைகூடப் பறக்கும். கடந்து முடிந்ததும் வடக்கேயிருந்து அடித்த அதே காற்று தெற்கேயிருந்து திரும்பி வந்து, முதல் தடவை விட்டுவைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போகும். ராசகிளிக்கு இது கேட்டுத் தெரிந்த விஷயமில்லை. கடலோரக் குப்பத்தில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி ஓர் அமைதியில்தான் அவளுடைய அப்பா, "விட்டுடுச்சு, விட்டுடுச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே, சிதறிக் கிடந்த கீற்றுகளைப் பொறுக்க வெளியே போனார்; தெற்கேயிருந்து வந்த காற்று அவரை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால் நாவற்புலத்தில் காற்று நின்றதும், வெளியே போய்ப் பார்க்கலாம் என்று எழுந்த புருஷன் பக்கிரிசாமியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, விடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"விடுடி, மாட்ட மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்."

"மாடு போனா போவுது. இன்னொரு காத்து இருக்கு, தெக்கேருந்து வரும். அது வந்துட்டுப் போவட்டும், அப்பறம் நீங்க எங்கன வேணும்னாலும் போங்க."

நின்றுகொண்டிருந்த தெற்குச் சுவர் சாய்ந்தால் தலையில் விழாத தூரத்தில், பள்ளிக்கூடத்துச் சிறுமியாக இருந்த மகள் தேன்மொழியை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் காத்திருந்தார்கள். விடிந்தது, காற்று வரவில்லை. மதியமானது, வரவில்லை. பொங்கல் வந்தது, சித்திரை வந்தது, தேன்மொழி பள்ளிக்கூடம் முடித்துத் தையல் படித்து, மன்னார்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள், அதுவரைக்கும் வரவில்லை. புயலின் கண் நாவற்புலத்துக்கு மேலே வந்து நின்றது நின்றதுதான், வாய்க்காலுக்கும் பனைவரிசைக்கும் நடுவிலே காற்று என்கிற ஒன்று அதற்குப் பிறகு கிடையாது.

முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சனம் எதற்குத்தான் பழகாது சொல்லுங்கள். அடுப்புப் புகை ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும் தூண் நட்டதுபோல நேராக நின்றது, பிள்ளைகள் அந்தப் புகையைப் பார்த்துத்தான் எது யார் வீடு என்று சொன்னார்கள். கருவாடு வறுத்தால் வாசம் வறுத்த இடத்திலேயே கிடந்தது, மறுநாள் அந்த வழியாகப் போகிறவன் நேற்று அந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிட்டுப் போனான். நெல்லும் கடலையும் தூற்றுவதென்றால் பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்த் தூற்றிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் ஃபேன் சுற்றும், சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்கும், கீழே படுத்திருப்பவனுக்கு ஒரு முடி அசையாது. கட்சிக்கொடிகள் எல்லாம் ஈரத்துண்டு மாதிரி கம்பத்தோடு தொங்கியதில் எது எந்தக் கட்சி என்று தெரியாமல் போய், தலைவர்கள் யாராவது வந்தால் ஒரு தொண்டன் கம்பத்தில் ஏறிக் கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நிவாரணம் என்று ஒன்று உண்டல்லவா, அதுவும் வந்தது, வராமல் இல்லை. ஜீப்பில் வந்த அதிகாரி ஊரைச் சுற்றிப் பார்த்தார், வடக்குச் சுவர் இல்லாத வீடுகளையெல்லாம் பார்த்தார், பார்த்துவிட்டுக் குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"புயல் இன்னும் கரையக் கடந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு. முழுசா கடக்கட்டும். அப்பறம்தான் சேதம் எவ்வளவுன்னு சொல்ல முடியும்."

"அதுவரைக்கும் நாங்க எங்க சார் இருக்குறது?" என்று கேட்டாள் ராசகிளி.

"அதுவரைக்கும் இங்கதான்" என்றார் அவர், ரொம்பத் தன்மையாக.

போகும்போது தார்ப்பாய் கொடுத்துவிட்டுப் போனார், அதுவும் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி ஆளுக்குப் பாதி. ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தி அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார், பாதிப் புயலுக்குப் பாதித் தார்ப்பாய் சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார், அவர் கையிலும் பாதித் தார்ப்பாய்தான் இருந்தது என்பதால் யாரும் கோபப்படவில்லை.

பயம் போய்ப் பெருமை வந்தது எப்போது என்றால், அடுத்த வருஷப் புயலில். வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு வாயில் நுழையாத பெயரோடு ஒரு புயல் அந்தக் கரைக்கு வரத்தான் செய்தது. வந்தது நாவற்புலத்து எல்லையைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து, ஊரைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டு தன் வழியே போனது. ஒரு கண்ணுக்குள் இன்னொரு புயல் எப்படி நுழையும்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மரம் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பெண்கள் வாசலில் கோலம் போட்டார்கள், மாவு ஒரு பொட்டுக்கூட அலுங்கவில்லை. இதைப் பார்த்துவிட்டுச் சுற்று வட்டாரமே மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. அண்ணே கொஞ்சம் இடம் கொடுங்க, அக்கா அந்தக் கொல்லைப் பக்கம் சும்மாத்தானே கிடக்கு என்று ஆரம்பித்து, வயலில் கட்டினார்கள், குளக்கரையில் கட்டினார்கள், சுடுகாட்டுக்குப் பக்கத்திலும் கட்டினார்கள், நாட்டிலேயே பத்திரமான ஊர் நம்ம ஊர்தான் என்று கலியமூர்த்தி ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசினார்.

கட்டியதுதான் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். காற்று அடித்தது வடக்கேயிருந்து, விழுந்தது வடக்குச் சுவர், ஆகையால் எல்லோரும் வடக்குச் சுவரைக் கோட்டைச் சுவராகக் கட்டினார்கள். காற்றே இல்லாத ஊரில் வாழ்ந்து வாழ்ந்து, புழுங்கிப் புழுங்கி, ஒரு வாய்க் காற்றுக்கு ஏங்கிப் போயிருந்தவர்கள், என்றைக்காவது ஒரு நாள் தென்றல் வராமலா போகும் என்று தெற்குப் பக்கம் முழுக்கச் சன்னலும் கதவும் பால்கனியுமாகத் திறந்துவிட்டார்கள். அடிபட்ட இடத்தை மூடுவதும் அடிபடப் போகிற இடத்தைத் திறந்து வைப்பதும் மனுசப் புத்தி, அதை யார் திருத்துவது.

இந்த வீடுகளில் பாதியைக் கட்டிய கொத்தனார் வேறு யாருமில்லை, பக்கிரிசாமிதான். நாள் முழுக்க ஊராருக்குச் சுவர் எழுப்பிவிட்டு, சாயங்காலம் ஆனதும் தன்னுடைய பாதித் தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைவான். சொந்த வீடு கட்ட ராசகிளி விடவில்லை. மீதிக் காற்று வரட்டும், வந்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம், கட்டி இன்னொரு தடவை பறிகொடுக்க என்னால் முடியாது என்று ஒரே பேச்சாக இருந்தாள். பழைய வீட்டில் நின்றிருந்த தெற்குச் சுவரையும் அவளே கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டாள், அது காற்றில் விழுவதைவிட நான் தள்ளுவது மேல் என்று.

"தெக்கால அவ்வளவு பெரிய சன்னலு வக்கிறீங்களே, கூசலியா ஒங்களுக்கு?"

"வீட்டுக்காரன் கேக்குறான், வக்கிறேன். நானா குடியிருக்கப் போறேன்?"

"சொல்லவாச்சும் செஞ்சீங்களா?"

"சொன்னேன். ஒன் பொண்டாட்டி சொன்னாளான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் கொத்து வேலைக்குப் போறனா, குறி சொல்லப் போறனா?"

ஊரில் அவளுக்கு 'தெக்குக் காத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தெக்குக் காத்து தண்ணிக்கு வருது பாரு, தெக்குக் காத்துக்கு வழிய விடுடி என்று குழாயடியில் கேலி நடக்கும். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். ஆனால் வருகிற வழியெல்லாம் பனைவரிசையைப் பார்த்துக்கொண்டே வருவாள், ஓலை ஏதாவது அசைகிறதா என்று.

இப்படியே இருந்திருந்தால் அவள்பாட்டுக்கு இருந்திருப்பாள். தேன்மொழி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் மீறாத வழக்கம். சீமந்தம் முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும், பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகு கொண்டுவந்து விட வேண்டும். சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டுப் பேசினாள், மரியாதையாகத்தான் பேசினாள்.

"அழைச்சிட்டுப் போறது ஒங்க உரிமை சம்பந்தி, நான் வேணாங்கல. ஆனா தப்பா நெனைக்காதீங்க, தார்ப்பாயிக்குள்ளயா எங்க வீட்டு வாரிசு பொறக்கணும்? வீடுன்னு ஒண்ணு இருந்தா அனுப்புறேன். இல்லன்னா இங்கயே இருந்துட்டுப் போவட்டும்."

கேட்டதும் ராசகிளிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அங்கேயே இருக்கட்டும், மன்னார்குடியில் கடல் இல்லை, கண் இல்லை, பாதியில் நிற்கிற புயல் இல்லை, பிள்ளை அங்கேயே நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கே தேன்மொழி கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க எல்லாரும் கேக்குறாங்கம்மா. ஒனக்கு அம்மா இருக்காங்களா இல்லையான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"என்னடி பேச்சு இது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்ப என்னைக்கு வந்து அழைச்சிட்டுப் போவ?"

வராதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அம்மா என்று அழுகிற மகளிடம் வராதே என்று சொல்லுகிற தாய் எங்கே இருக்கிறாள், இருந்தால் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள்.

"வீடு கட்டுங்க. ஆனா நான் சொல்ற மாதிரி கட்டணும்."

அவள் சொன்ன மாதிரியே கட்டினான். அஸ்திவாரக் கடைக்கால் இடுப்பளவு போதும் என்றான் அவன், ஆள் ஆழம் என்றாள் அவள். தெற்குச் சுவரை இரட்டைச் செங்கல்லுக்கு மேல் இரட்டைச் செங்கல்லாக வைத்து, இரண்டு மூலையிலும் கம்பி கட்டித் தூண் நிறுத்தி, நடுவில் ஒரு சன்னல் இல்லை, ஒரு மாடம் இல்லை, காலண்டர் மாட்ட ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். கதவு வடக்கே, சின்னதாக ஒரு சன்னல் வடக்கே, தளம் தலையில் இடிக்கிற உயரத்தில். சித்தாள் வேலை முழுக்க அவளே பார்த்தாள், கலவை அவளே தூக்கினாள், கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பகலில் விளக்குப் போட்டால்தான் உள்ளே ஆள் தெரியும், புழுக்கம் அப்படியே நின்று கொதிக்கும்.

வழியோடு போன கலியமூர்த்தி நின்று பார்த்தார்.

"என்ன ராசகிளி, வீடு கட்டுறியா ஜெயிலு கட்டுறியா?"

"ஜெயிலுதான் தலைவரே. உசுரு வெளிய போவாத ஜெயிலு."

பால் காய்ச்சிக் குடி வந்த அன்றைக்கு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, ராசகிளி அந்தத் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கல் குளுகுளுவென்று இருந்தது. அப்பா போன நாளிலிருந்து அவள் தெற்கே முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை, அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்திலேயே பட்டப்பகலில் தூங்கியும் போனாள். வரட்டும், இனிமேல் எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று, எழுந்ததும் சிரித்துக்கொண்டே பக்கிரிசாமியிடம் சொன்னாள். அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

தேன்மொழி வந்தாள். கை நிறைய வளையலும் வாய் நிறையப் பேச்சுமாக வந்தவள், இது என்னம்மா குகையா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அந்தக் குகைக்குள்ளேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். பிரசவம் டவுன் ஆஸ்பத்திரியில் என்று முடிவு செய்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், வலி எடுத்ததும் வண்டியைக் கூப்பிட வேண்டியது, போய்ப் பெற்றுக்கொண்டு வர வேண்டியது. அதனால்தான் கண் வந்து நின்ற நாளிலிருந்து நாவற்புலத்து எல்லைக்குள் ஒரு பிள்ளையும் பிறந்ததில்லை என்கிற விஷயம் யாருக்கும் உறைக்கவே இல்லை.

அந்த வருஷத்துப் புயல் வந்து ஊரைச் சுற்றிக்கொண்டு நின்ற காலையில், மருத்துவர் சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே, தேன்மொழிக்கு வலி எடுத்தது. பக்கிரிசாமி வண்டிக்குப் போன் அடித்தான். டிரைவர் கத்திக் கத்திப் பேசினார், அவர் பக்கத்துக் காற்றில் பாதி வார்த்தை அடித்துக்கொண்டு போனது.

"பாலம் வரைக்குமே வர முடியலங்க, ரோடு பூரா மரம் கெடக்கு. வெட்டி எடுத்துட்டு வரணும்னா பொழுது சாஞ்சிடும். அங்க யாராச்சும் கை ராசியான ஆளு இருந்தாப் பாருங்க."

கை ராசியான ஆள் ஒருத்தி இருந்தாள், முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்துவிட்டு நாவற்புலத்துக்கு வந்து வீடு கட்டியிருந்த வேம்பு. அவள் ஓடி வந்தாள், வெந்நீர் போடச் சொன்னாள், பக்கிரிசாமியை வெளியே விரட்டினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வானமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம், இந்தப் பக்கம் தேன்மொழியின் அலறல் ஒன்றுதான். பெண்கள் வாசலில் கூடி, பயப்படாதே ஆயி, முக்கு ஆயி என்று குரல் கொடுத்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியதும் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, நல்ல கனம், தலை நிறைய முடி.

பிறந்தது அழவில்லை.

வேம்பு வாயில் விரலை விட்டுத் துழாவிச் சளியை எடுத்தாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், உள்ளங்காலில் சுண்டினாள், வெந்நீரில் முக்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். இதயம் அடிக்கிறது, தொட்டால் துடிக்கிறது, கையைக் காலை உதறுகிறது, வாயையும் திறந்து திறந்து மூடுகிறது, ஆனால் நெஞ்சு எழும்பவில்லை. வேம்பு தன் வாயை அதன் வாயோடு வைத்து ஊதினாள், ஊதிய மூச்சு அவள் உதட்டை விட்டு அந்தப் பக்கம் நகரவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

"எல்லாம் சரியாத்தாங்க்கா இருக்கு. காத்துதான் உள்ள போவ மாட்டேங்குது" என்றாள் வேம்பு, சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு ராசகிளியைப் பார்த்தாள்.

ராசகிளிக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் நடமாடுகிற அத்தனை பேரும் வேறு எங்கேயோ காற்றுள்ள இடத்தில் பிறந்து, அங்கே முதல் மூச்சை வாங்கிக்கொண்டு வந்து, அதை வைத்து இங்கே காலம் தள்ளுகிறவர்கள். ஆடு மாடுகளுக்குக்கூட அது தெரிந்துதான் ஈனுகிற சமயத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடின. இந்தப் பேத்தி ஒருத்திதான் காற்றில்லாத இடத்தில் வந்து விழுந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடலாம், ஊர் நடுவிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் கையில் இருப்பது பிணமாகிவிடும். இந்த ஊருக்கென்று வர வேண்டிய காற்று ஒன்றே ஒன்றுதான். அது எந்தத் திசையில் நிற்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

கதவைத் திறந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

"கடப்பாறைய எடுத்தாங்க. சுவத்த இடிங்க."

"எந்தச் சுவத்த?"

"தெக்குச் சுவத்த."

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? அதுக்காவத்தானடி இவ்வளவும் கட்டுன—"

"இடிங்கறேன்ல! புள்ள போவுது, நின்னுக்கிட்டு நாயம் பேசுறீங்க!"

அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான், ஓடிப்போய்க் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தான். ஓங்கிக் குத்தினான். தன் கையால் கட்டிய சுவர், ஈரம் காயாமல் பார்த்துப் பார்த்துப் பதப்படுத்திய சுவர், லேசில் விடுமா, கடப்பாறை தெறித்துத் தெறித்து வந்தது. அவள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று இடித்தாள், விரல் நசுங்கியதுகூடத் தெரியாமல் இடித்தாள், முதல் அடுக்கு உதிர்ந்தது, இரண்டாவது அடுக்கில் ஒரு கல் பின்னால் போய் விழுந்தது, பானை வாய் அளவுக்கு ஒரு வெளிச்சம் உள்ளே வந்தது. ராசகிளி அந்த ஓட்டையில் முகத்தை வைத்துப் பனைவரிசையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வா. எங்க அப்பன தூக்கிட்டுப் போனியே, இத்தன நாளா அங்கயே நின்னு எங்கள வேடிக்க பாக்குறியே, வா. நான்தான் கூப்புடுறேன், வந்து தொல. என் பேத்திக்கு ஒரு வாய் குடு. ஒரே ஒரு வாய் குடுத்துட்டு, அப்பறம் ஒன் இஷ்டம், என்ன வேணுமோ பண்ணிக்க."

அது வந்தது. எங்கேயோ தூரத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, சுவருக்கு அந்தப் பக்கமே இவ்வளவு காலமும் நின்றுகொண்டிருந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்ததுபோல, சில்லென்று, உப்பு வாசத்தோடு, அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்க் குழந்தையின் முகத்தில் பட்டது. குழந்தையின் வாய் அகலத் திறந்தது. நெஞ்சு எழும்பியது. பிறகு அது அழுத அழுகை இருக்கிறதே, வேம்பு கையெடுத்துக் கும்பிட்டாள், பக்கிரிசாமி கடப்பாறையைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தி விம்மி விம்மி அழுதான், ராசகிளி பேத்தியை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். நீலம் போய்ச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்த ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

வெளியே தெருவில் யாரோ கூவினார்கள்.

"தென்றலு! ஏய், தென்றலு வந்திருச்சுடி!"

ஊரே வெளியே வந்தது. வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த சனம், பாவம், என்ன செய்யும். தெற்குச் சன்னல்கள் ஒன்று விடாமல் திறந்துகொண்டன, பால்கனிக்கு நாற்காலிகள் வந்தன, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள், பிள்ளைகள் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு பனைவரிசையைப் பார்த்து ஓடினார்கள். கலியமூர்த்தி நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா, அப்பாடா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராசகிளி குழந்தையை வேம்புவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

"சன்னலச் சாத்துங்க! உள்ள போங்க, தலைவரே, எல்லாரையும் உள்ள போவச் சொல்லுங்க! புள்ளைங்களக் கூப்புடுங்க, ஐயோ, அந்தப் புள்ளைங்களக் கூப்புடுங்க!"

"பேத்தி பொறந்துட்டா, தெக்குக் காத்தும் வந்துட்டு, ராசகிளியக் கையில புடிக்க முடியல" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். ஒருத்தி ஓடி வந்து அவள் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். வாயில் சர்க்கரையோடு அவள் இன்னும் கத்தினாள், யாருடைய கையையெல்லாமோ பிடித்து இழுத்தாள், ஒருவரும் நகரவில்லை. பனைகளின் தலைகள் எல்லாம் ஒன்றாக வடக்கே குனிவதைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்தாள்.

உள்ளே பக்கிரிசாமி கீழே விழுந்த செங்கற்களைப் பொறுக்கி ஓட்டையில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். கலவை இல்லாமல் செங்கல் எப்படி நிற்கும், வைக்க வைக்க உள்ளே வந்து விழுந்தது, விழ விழ அவன் எடுத்து வைத்தான், ஓட்டையைச் சுற்றிச் சுவரில் ஒரு விரிசல் மூலை வரைக்கும் ஓடியிருந்தது. ராசகிளி அவன் கையைத் தொட்டு, போதும் விடுங்க என்றாள். வேம்புவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, ஓட்டைக்கும் மகளுக்கும் நடுவில், ஓட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெளுத்துப்போய்க் கிடந்த தேன்மொழி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, அது என்னம்மா சத்தம்?"

ராசகிளி குழந்தையை அவள் மார்பில் வைத்து, தன் முந்தானையை இழுத்து இரண்டு பேர் மேலும் போர்த்தினாள்.

"ஒன் மவதாண்டி" என்றாள். "பசிக்குது அவளுக்கு. பாலக் குடு."